உலர்வலயத்தில் என்றும் பசுமையான பூஞ்செடி: ஆவரை வளர்ப்பு



"வறட்சியைத் தாங்கும் அலங்காரச் செடி ஒன்றைப் பெயரிட்டு, அதனை நட்டுப் பராமரிக்கும் முறையை விளக்குக" என்று ஒரு வினா வந்தால் என்ன எழுதுவீர்கள்? பலர் செடியின் பெயரைச் சரியாக எழுதிவிட்டு, அடுத்த வரியில் "இதற்குத் தண்ணீர் தேவையில்லை" என்று முடித்துவிடுகின்றனர். பெயருக்குப் புள்ளி உண்டு. இரண்டாவது வரிக்குப் புள்ளி இல்லை. தண்ணீர் தேவையில்லாத தாவரம் எதுவும் இல்லை.

வறட்சியைத் தாங்கும் செடியும் நட்ட முதலாம் ஆண்டில் எல்லாச் செடிகளையும் போலவே வாடும். அதன் தாங்கும் ஆற்றல் பெரும்பாலும் வேரில் இருக்கிறது. வேர் ஆழமாக இறங்கும் வரை நாம் துணை செய்ய வேண்டும். இந்த ஒரு கருத்தை விளங்கிக்கொண்டால் இப்பாடத்தின் மற்றைய விடயங்கள் தாமாகவே நினைவில் நிற்கும். எமது மாவட்டத்திற் காணப்படும் ஆவரையை எடுத்துக்காட்டாகக் கொண்டு இதனைப் படிப்போம்.

1. கிளிநொச்சியின் காலநிலையும் மண்ணும்

ஆண்டுச் சராசரி மழைவீழ்ச்சி 1750 மில்லிமீற்றருக்குக் குறைந்த பிரதேசம் உலர்வலயம் எனப்படும். கிளிநொச்சி மாவட்டம் இதனுள் அடங்கும். இங்கு மழையின் பெரும்பகுதி ஒக்டோபர், நவம்பர் மாதங்களில் இரண்டாம் இடைப்பருவத்திலும், டிசெம்பர் தொடக்கம் பெப்ரவரி வரை வடகீழ்ப் பருவக்காற்றாலும் கிடைக்கிறது. மே தொடக்கம் செப்டெம்பர் வரை மழை மிகக் குறைவு. அக்காலத்தில் வீசும் சோளகக் காற்று வரண்டது. இலைகளிலிருந்து நீர் வெளியேறும் வேகத்தை அது கூட்டிவிடும். இரணைமடுக் குளத்து நீர் பிரதானமாக நெற்செய்கைக்கு உரியது. வீட்டுத்தோட்டத்துக்குப் பெரும்பாலும் கிணற்று நீர்தான். ஆகவே முற்றத்துப் பூஞ்செடிக்கு ஊற்றும் ஒவ்வொரு வாளியும் கணக்கில் வர வேண்டும்.

வறட்சி மட்டும் எமது பிரச்சினை அன்று. 2016 இன் பிற்பகுதியில் மழை பொய்த்து 2017 வரை நீடித்த கடும் வறட்சி வட மாகாணத்தையும் பாதித்தது. 2018 டிசெம்பர் பிற்பகுதியில் கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் பெருவெள்ளம் ஏற்பட்டது. எனவே இங்கு நடும் செடி கோடையைத் தாங்க வேண்டும். மாரியில் வேர் அழுகாமலும் இருக்க வேண்டும். செடியைத் தெரிவு செய்வது போலவே இடத்தைத் தெரிவு செய்வதும் முக்கியமாவது இதனாலேயே.

உலர்வலயத்தில் பரவலாக உள்ள செங்கபில மண் ஈரமாக இருக்கும்போது ஒட்டும், காய்ந்தால் இறுகும். இறுகிய மண்ணில் இளம் வேர் இறங்க மாட்டாது. பூநகரிக் கரையோரம் போன்ற மணற்பாங்கான இடங்களில் வேர் இலகுவாக இறங்கும். ஆனால் நீர் நிற்காது.

2. ஆவரையை இனங்காணல்

ஆவரை, ஆவாரை, ஆவரசு எனப் பல பெயர்களால் இச்செடி வழங்கப்படுகிறது. சிங்களத்தில் ரணவரா என்பர். தாவரவியற் பெயர் சென்னா ஓரிக்குலேற்றா. 1753 இல் லினேயசு இதற்குக் கசியா ஓரிக்குலேற்றா என்று பெயரிட்டார்; பழைய நூல்களில் அப்பெயரைக் காணலாம். ஓரிக்குலேற்றா என்பது "காது போன்றது" எனப் பொருள்படும். இலைக்காம்பின் அடியில் உள்ள அகன்ற இலையடிச் செதில்கள் காதின் வடிவில் இருப்பதால் இப்பெயர் வந்தது. இனங்காண்பதற்கு இதுவே இலகுவான அடையாளம்.

ஏனைய இயல்புகள் பின்வருமாறு:

• அவரைக் குடும்பத்தைச் சேர்ந்த பற்றைச்செடி. பொதுவாக 1 தொடக்கம் 1.5 மீற்றர் வரை வளரும். நல்ல நிலத்தில் அதற்கு மேலும் உயரும்.
• இலை கூட்டிலை. 8 தொடக்கம் 12 சோடி சிற்றிலைகள் இருக்கும்.
• பூ பிரகாசமான மஞ்சள் நிறம். 5 தனித்தனி அல்லிகள், 10 கேசரங்கள். அவற்றுள் மேலுள்ள 3 மலடானவை.
• காய் தட்டையானது; காய்ந்தபின் கடதாசி போன்று மெல்லியதாகும். உள்ளே பல வித்துக்கள் இருக்கும்.

தமிழ்மொழிப் பாடத்தையும் இங்கே நினைவுகூரலாம். கபிலர் பாடிய குறிஞ்சிப்பாட்டில் வரும் 99 பூக்களுள் ஆவிரையும் ஒன்று. அந்த ஆவிரைதான் இந்த ஆவரை.

கவனிக்க: மஞ்சட் பூ என்பதற்காக மஞ்சள் அலரியுடன் இதனைக் குழப்பிக்கொள்ளக் கூடாது. மஞ்சள் அலரியும் என்றும் பசுமையானது, வறட்சியைத் தாங்குவது, எமது வேலிகளில் நிற்பது. ஆனால் அதன் எல்லாப் பகுதிகளும் கொடிய நஞ்சு. மஞ்சள் அலரியின் இலை ஒடுங்கிய தனியிலை. முறித்தால் பால் வடியும். பூ மணி வடிவானது. ஆவரையின் இலை கூட்டிலை, பால் வடியாது, அல்லிகள் தனித்தனியானவை. சிறு பிள்ளைகள் உள்ள வீட்டில் இந்த வேறுபாட்டை நீங்களே மற்றவர்களுக்குச் சொல்லிக் கொடுங்கள். யாராவது அலரியின் எந்தப் பகுதியையாவது உட்கொண்டால், அறிகுறிகள் தோன்றும் வரை காத்திராமல் உடனே வைத்தியசாலைக்குக் கொண்டு செல்ல வேண்டும்.

3. "என்றும் பசுமையான" என்றால் என்ன?

"இலை உதிர்க்காத தாவரம்" என எழுதுவது பிழை. எல்லாத் தாவரங்களும் முதிர்ந்த இலைகளை உதிர்க்கின்றன. இலையுதிர் தாவரம் குறித்த ஒரு காலத்தில் இலைகள் அனைத்தையும் உதிர்த்து வெறுமையாக நிற்கும். என்றும் பசுமையான தாவரம் சிறிது சிறிதாக உதிர்த்து, புதிய இலைகளையும் தோற்றுவிப்பதால் ஆண்டு முழுவதும் பச்சையாகத் தோன்றும். முருங்கனில் இருந்து பரந்தன் வரை கோடையில் புல் கருகிக் கிடக்கும்போது ஒரு பற்றை மட்டும் பச்சையாக நின்றால், அதற்கு எங்கிருந்தோ நீர் கிடைக்கிறது என்பதே பொருள். எங்கிருந்து என்பதை அடுத்துப் பார்ப்போம்.

4. ஆவரை வறட்சியைத் தாங்கும் விதம்

தாவரங்கள் வறட்சியை எதிர்கொள்ளும் வழிகள் மூன்று.

(அ) தப்பித்தல்: மழைக்காலத்தில் முளைத்து, பூத்து, வித்தை விட்டுவிட்டு இறந்துவிடுதல். எடுத்துக்காட்டு: ஓராண்டுப் புற்கள்.
(ஆ) சேமித்தல்: தண்டிலோ இலையிலோ நீரைச் சேமித்து வைத்தல். எடுத்துக்காட்டு: நாகதாளி, கற்றாழை.
(இ) ஆழத்திலிருந்து பெற்றுச் சிக்கனமாகச் செலவிடுதல். எடுத்துக்காட்டு: ஆவரை.

ஆவரையின் ஆணிவேர் ஆழமாக இறங்கும். மேல்மண் காய்ந்தபின்னும் அடிமண்ணில் எஞ்சியுள்ள ஈரத்தை அது உறிஞ்சும். சிற்றிலைகள் சிறியவை, ஆதலால் அகன்ற இலைகளைப் போல வெயிலில் அதிகம் சூடேறுவதில்லை. நீர் குறையும்போது இலைவாய்கள் மூடி ஆவியுயிர்ப்பைக் குறைக்கின்றன.

ஆனால் இலைவாய் மூடினால் காபனீரொட்சைட்டு உள்ளே வருவதும் குறையும், ஒளித்தொகுப்பும் குறையும். ஆகவே கடுங்கோடையில் செடி உயிரோடு நிற்கும், விரைவாக வளராது. இதனை "நோய்" என்று எண்ணி அளவுக்கு மீறி நீரும் பசளையும் இடக் கூடாது.

5. பூவும் மகரந்தச் சேர்க்கையும்

ஆவரைப் பூவில் தேன் இல்லை. வண்டு மகரந்தத்துக்காகவே வருகிறது. மகரந்தப் பைகள் நீளவாக்கில் பிளப்பதில்லை. நுனியிலுள்ள சிறு துவாரங்கள் வழியாகவே மகரந்தம் வெளிவரும். மரத்தில் துளையிட்டு வாழும் பெரிய கருவண்டு பூவைப் பற்றிக்கொண்டு உடலை அதிரச் செய்யும்போது மகரந்தம் உதிர்கிறது. காலையில் ஆவரைப் பற்றையருகே நின்றால் இந்த இரைச்சலைக் கேட்கலாம்.

வெளிர் மஞ்சளும் வெள்ளையுமான சில வண்ணத்துப்பூச்சிகள் ஆவரை இலையில் முட்டையிடுகின்றன. பச்சைப் புழு இலையைத் தின்னும். செடி மீண்டும் துளிர்த்துவிடும். ஆகவே புழுவைக் கண்டவுடன் பூச்சிகொல்லி தெளிக்க வேண்டாம். தெளித்தால் கருவண்டும் சாகும், காயும் குறையும்.

6. நாற்று உற்பத்தி

காய் பழுப்பு நிறமாகி நன்கு முற்றியபின் பறித்து, நிழலில் உலர்த்தி வித்தைப் பிரித்தெடுக்க வேண்டும். வித்துறை தடித்து நீர் புகாதவாறு இருப்பதால் வித்து உறங்குநிலையில் இருக்கும். அதனை நீக்கும் முறைகள்:

• வித்தைக் கரடான கல்லில் மெதுவாகத் தேய்த்து உறையைச் சிறிது உரசிவிடல், அல்லது
• கொதித்த நீரை அடுப்பிலிருந்து இறக்கி, சற்று ஆறியபின் வித்தின் மீது ஊற்றி, ஓரிரவு ஊறவிடல். ஊறிப் பருத்த வித்துக்களை மட்டும் நடுக.

மேல்மண், மணல், கூட்டெரு ஆகியவற்றைச் சம அளவிற் கலந்து பொலித்தீன் பைகளில் நிரப்பவும். அடியில் துவாரங்கள் இட வேண்டும். பைக்கு இரண்டு வித்து வீதம், வித்தின் பருமனைப் போல் இரு மடங்கு ஆழத்தில் ஊன்றவும். முளைத்தபின் வலுவான ஒன்றை விட்டு மற்றையதை வெட்டிவிடவும்.

ஓகஸ்ட் மாதத்தில் வித்திட்டால் மழை தொடங்கும்போது நாற்று தயாராக இருக்கும். நாற்றை நீண்ட காலம் பையிலே வைத்திருக்கக் கூடாது. ஆணிவேர் பையின் அடியில் சுருண்டுவிடும். சுருண்ட வேர் பின்னர் நேராக இறங்காது. அச்செடிக்கு வறட்சியைத் தாங்கும் ஆற்றல் குறையும். பெரிய நாற்றை விடச் சிறிய, வேர் நேரான நாற்றே சிறந்தது.

7. நடுதல்

காலம்: ஒக்டோபர் இறுதி, நவம்பர். காலபோக மழை நிலைபெற்றபின் நட வேண்டும். முதல் மழையிலேயே அவசரப்படக் கூடாது. இடையில் வெயில் எறித்தால் நாற்று வாடும். பெப்ரவரிக்குப் பின் நடுவதும் தவறு. அப்போது வேர் இறங்குமுன் கோடை வந்துவிடும்.

இடம்: முழு வெயில் கிடைக்கும் மேட்டு இடம். போரின் பின் மீளக்குடியமர்ந்த வளவுகள் பலவற்றில் பழைய மரங்கள் இல்லை. வெயில் நேரே நிலத்தில் விழுகிறது. அத்தகைய முற்றம் ஆவரைக்கு ஏற்றது. வயலோரத் தாழ்நிலமும், கிணற்றடி வாய்க்காலும் ஏற்றவை அல்ல. நீர் தேங்கினால் மண்ணிடை வளி இல்லாது போய் வேர் அழுகும். வேறு இடம் இல்லையாயின் ஓர் அடி உயரத்துக்கு மண்ணை மேடாக்கி அதன் மேல் நடலாம்.

குழி: ஒன்றரை அடி நீளம், அகலம், ஆழம். இறுகிய அடிமண்ணை அலவாங்கால் குத்தித் தளர்த்தவும். தோண்டிய மண்ணுடன் கூட்டெரு கலந்து நிரப்பவும். பையைக் கிழித்து, மண்கட்டி உடையாமல் நட்டு, சுற்றிலும் மிதமாக அழுத்தவும்.

இடைவெளி: தனிச்செடிக்கு 5 தொடக்கம் 6 அடி, வேலிக்கு 2 தொடக்கம் 3 அடி.

பாதுகாப்பு: கட்டாக்காலி மாடுகளும் ஆடுகளும் மிதித்து முறிக்காதவாறு முதலாம் ஆண்டில் கிளைகளால் சிறு அடைப்பு இடுக.

8. நீர் வழங்கலும் மூடுபடையும்

இது இப்பாடத்தின் மிக முக்கியமான பகுதி. நாள்தோறும் சிறிது நீர் தெளித்தால் மேல்மண் மட்டுமே நனையும். நீர் உள்ள இடத்திலேயே வேர் வளரும்; ஆகவே வேரும் மேலேயே நிற்கும். ஒரு வாரம் நீர் தவறினால் செடி காய்ந்துவிடும். மாறாக, வாரத்துக்கு ஒரு முறை ஆழமாக நனையும்படி மெதுவாக ஊற்றினால் ஈரம் கீழே செல்லும். வேரும் அதனைத் தொடர்ந்து செல்லும்.

கணித்துப் பார்ப்போம். ஒரு வீட்டில் 6 ஆவரைச் செடிகள் உள்ளன எனக் கொள்க.

முறை 1: செடிக்கு நாளொன்றுக்கு 3 லீற்றர்.
ஒரு வாரத்துக்கு 6 × 3 × 7 = 126 லீற்றர்.

முறை 2: செடிக்கு வாரத்துக்கு ஒரு முறை 10 லீற்றர்.
ஒரு வாரத்துக்கு 6 × 10 = 60 லீற்றர்.

வாரமொன்றுக்கு மிச்சம் 126 – 60 = 66 லீற்றர்.
மே தொடக்கம் செப்டெம்பர் வரை ஏறத்தாழ 22 வாரங்கள். மொத்த மிச்சம் 66 × 22 = 1452 லீற்றர்.

20 லீற்றர் வாளியால் அளந்தால் இது 72 வாளிக்கும் அதிகம். அந்த வாளிகளைக் கிணற்றிலிருந்து தூக்குபவர் உங்கள் அம்மாவாகவோ அக்காவாகவோ நீங்களாகவோ இருக்கலாம். கூடுதலாகத் தண்ணீர் ஊற்றியும் செடி பலவீனமாக இருப்பதும், குறைவாக ஊற்றியும் செடி பலமாக இருப்பதும் முறையினால் வரும் வேறுபாடு.

நீர் வழங்கும் ஒழுங்கு:

• முதலாம் கோடை: வாரத்துக்கு ஒரு முறை.
• இரண்டாம் கோடை: இரு வாரத்துக்கு ஒரு முறை.
• மூன்றாம் கோடை முதல்: இலைகள் காலையிலும் வாடியிருந்தால் மட்டும். நண்பகலில் வாடி மாலையில் நிமிர்ந்தால் நீர் தேவையில்லை.

மாலையிலோ அதிகாலையிலோ நீர் ஊற்றவும். செடியைச் சுற்றிக் காய்ந்த இலை, வைக்கோல் என்பவற்றை 2 அங்குலத் தடிப்பில் பரப்பவும். இம்மூடுபடை மண்ணீர் ஆவியாவதைக் குறைக்கும், களைகளையும் கட்டுப்படுத்தும். தண்டோடு ஒட்டாமல் சிறிது இடைவெளி விடவும். மாரி காலத்தில் மூடுபடையை மெல்லியதாக்கவும்.

9. பசளையும் கத்தரித்தலும்

ஆண்டுக்கு ஒரு முறை, மழை தொடங்கும்போது, ஒரு கூடை கூட்டெரு போதும். யூரியா இட்டால் மென்மையான தளிர்கள் அதிகம் வரும்; அவை கோடையைத் தாங்கா.

கவனிக்க: அவரைக் குடும்பத் தாவரம் என்பதால் "வேர்ச் சிறுகணுக்களில் நைதரசன் பதிக்கிறது" என எழுதக் கூடாது. பயறு, கௌபி, நிலக்கடலை ஆகியவற்றில் சிறுகணுக்கள் உண்டு. ஆவரையில் இல்லை. எனினும் கத்தரித்த இலைகளை மண்ணில் இட்டால் சேதனப் பொருள் கூடும்.

கிளை நுனிகளிலே பூங்கொத்துக்கள் தோன்றும். எனவே கிளைகள் கூடினால் பூவும் கூடும். மழை தொடங்குமுன் செடியின் உயரத்தில் மூன்றில் ஒரு பங்கைக் கத்தரித்தால் புதிய கிளைகள் வரும். வித்துக்குத் தேவையான காய்களை விட்டு ஏனையவற்றை அகற்றலாம்.

10. பயன்கள்

அழகு, உயிர்வேலி, பசுந்தாள், பூசைக்குரிய பூ என்பன முதன்மையானவை. நிழலில் உலர்த்திய பூவைக் கொதிநீரிலிட்டுப் பானமாக அருந்துவர். ரணவரா என்னும் பெயரில் இது இலங்கையெங்கும் விற்கப்படுகிறது. பொதிசெய்து விற்பது சிறு வீட்டு வருமானமும் ஆகும். தெருவோரத் தூசி படிந்த பூவும், பூச்சிகொல்லி பட்ட பூவும் இதற்கு ஆகா.

பட்டையில் தனின் அதிகம் உள்ளதால் தோல் பதனிட உதவும். தமிழ்நாட்டில் வாணியம்பாடி, ஆம்பூர் போன்ற ஊர்களின் தோற் தொழிலில் ஆவரம்பட்டை ஒரு காலத்தில் பெரிதும் பயன்பட்டது. பட்டையை உரித்தால் கிளை காய்ந்துபோகும். பூவைப் பறித்தால் செடி மீண்டும் பூக்கும். வீட்டுத்தோட்டத்துக்குப் பூவே ஏற்றது.

"ஆவாரை பூத்திருக்கச் சாவாரைக் கண்டதுண்டோ" என்பது பழமொழி. இச்செடிமீது எம்மவர் வைத்த மதிப்பை இது காட்டுகிறது. ஆயினும் பழமொழி மருத்துவச் சான்று ஆகாது. நீரிழிவுக்கு மருந்து எடுப்பவர், ஆவரைப் பானத்தை நம்பி வைத்தியர் தந்த மருந்தை நிறுத்துதல் ஆபத்தானது.

பயிற்சி வினாக்கள்

1. ஆவரை நாற்றை நடுவதற்குக் கிளிநொச்சியில் மிகப் பொருத்தமான காலம்:
(1) மார்ச் (2) ஜூன் (3) ஓகஸ்ட் (4) நவம்பர்

2. ஆவரை வித்தை வெந்நீரில் ஊறவிடுவதன் நோக்கம்:
(1) பங்கசைக் கொல்லல் (2) உறங்குநிலையை நீக்கல் (3) நிறமூட்டல் (4) பசளையிடல்

3. ஆவரையில் காணப்படாதது:
(1) கூட்டிலை (2) ஆணிவேர் (3) வேர்ச் சிறுகணு (4) இலையடிச் செதில்

4. (அ) என்றும் பசுமையான தாவரம் என்றால் என்ன?
(ஆ) ஆவரை வறட்சியைத் தாங்க உதவும் இயல்புகள் இரண்டு தருக.
(இ) நாள்தோறும் சிறிது நீர் தெளிப்பதிலும் வாரம் ஒரு முறை ஆழமாக நீர் ஊற்றுவது சிறந்தது. காரணம் தருக.
(ஈ) ஒருவர் நீர் தேங்கும் இடத்தில் ஆவரையை நட்டார். மாரி முடியுமுன் செடி இறந்தது. விளக்குக.

விடைகள்

1. (4)  2. (2)  3. (3)
4. (அ) இலைகளை ஒரே காலத்தில் உதிர்க்காது, சிறிது சிறிதாக உதிர்த்துப் புதுப்பிப்பதால் ஆண்டு முழுவதும் பசுமையாக இருக்கும் தாவரம்.
(ஆ) ஆழமான ஆணிவேர், சிறிய சிற்றிலைகள். (இலைவாய் மூடி ஆவியுயிர்ப்பைக் குறைத்தலும் ஏற்கப்படும்.)
(இ) ஈரம் ஆழத்துக்குச் செல்வதால் வேர் ஆழமாக வளரும். மேல்மண்ணிலிருந்து ஆவியாகி வீணாகும் நீர் குறையும்.
(ஈ) நீர் தேங்கியதால் மண்ணிடை வளி அகன்றது, வேருக்குச் சுவாசிக்க ஒட்சிசன் கிடைக்கவில்லை, வேர் அழுகியது. வறட்சியைத் தாங்குதல் என்பது வெள்ளத்தைத் தாங்குதல் ஆகாது.

செயல்முறை: இரண்டு பைகளில் ஒரே வயதுடைய ஆவரை நாற்றுக்களை வளர்க்கவும். ஒன்றுக்கு நாள்தோறும் சிறிது நீரும், மற்றையதற்கு அதே மொத்த அளவை மூன்று நாளுக்கு ஒரு முறையும் வழங்கவும். இரு மாதங்களின் பின் பைகளைக் கவனமாகக் கிழித்து வேர்களின் நீளத்தை அளந்து குறிக்கவும். வேரை நேரே பார்த்தவர் பரீட்சை மண்டபத்தில் "தண்ணீர் தேவையில்லை" என்று ஒருபோதும் எழுத மாட்டார்.